இடைப்பருவத் தேர்வும் எங்கள் ஊர் மலையும்



நம் பள்ளியின் ஆண்டு மலருக்குப் பழைய மாணவி என்ற முறையில் ஒரு கட்டுரை எழுதித் தரும்படி சிஸ்டர் அவர்கள் கேட்டார்கள். "கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாயே, தேர்வுக்கு எப்படித் தயார் செய்கிறாய் என்று எழுது, பிள்ளைகளுக்குப் பயன்படும்" என்றார்கள். நானோ பரிசு பெற்றவள் அல்லள். பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம் பிடித்தவளும் அல்லள். ஆயினும் ஒரு முறை நன்றாகத் தோற்றவள். அந்தத் தோல்வியிலிருந்து எழுந்த பதினைந்து நாட்களின் கதையை உங்களிடம் சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன்.

என் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பேருந்தில் வருபவர்களுக்கு, ஊருக்கு முன்பாக ஊரின் மலைதான் முதலில் கண்ணில் படும். பாறைமேல் பாறை அடுக்கிய மலை. உச்சியில் சிவன் கோயில்; சோழர் காலக் கல்வெட்டுகள்; இடிந்துபோன பழைய கோட்டையின் மிச்சங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் நம் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அம்மாவும் ஆயாவும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவானபோது, மாதம் 1000 ரூபாய் எனக்கும் கிடைத்தது. நகல் எடுக்கும் செலவு, கைபேசிச் செலவு எல்லாம் அதில்தான் நடந்தன.

பி.ஏ. ஆங்கிலம் எடுத்தபோது, "இங்கிலீஷ் படிச்சா எங்கயும் வேலை கிடைக்கும்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் கல்லூரியில் முதல் வாரமே என் நெஞ்சு உலர்ந்துவிட்டது. ஆங்கில வழியில் படித்து வந்த தோழியர் சிரிக்கும் இடத்தில் நானும் சிரிப்பேன். எதற்குச் சிரித்தோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகும் விளங்காது! கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் ஓர் இடம் இருந்தது. இரண்டு ஆண்டுகள் அந்தத் தூண்தான் எனக்கு அடைக்கலம்.

எங்களுக்கு ஒவ்வொரு பாடத்திலும் 100 மதிப்பெண். அதில் 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கு. மீதி 25 கல்லூரியிலேயே இடப்படும் அக மதிப்பெண். இடைப்பருவத் தேர்வும் கட்டுரையும் அந்த 25-க்குள் அடங்கும். இந்த மதிப்பெண்ணை அலட்சியம் செய்பவர்கள், அடிவாரத்தில் கால் இடறியவன் உச்சியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுபோலப் பின்னால் வருந்துவார்கள்.

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் பேராசிரியை ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி வரச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைபேசியில் தேடினேன். இரண்டு கட்டுரைகள் கிடைத்தன. ஒன்றின் தலையையும் மற்றொன்றின் வாலையும் ஒட்டி, அழகான கையெழுத்தில் எழுதி, பச்சை மையில் தலைப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். பள்ளியில் கையெழுத்துக்காகப் பரிசு வாங்கியவள் அல்லவா!

ஒரு வாரம் கழித்துப் பேராசிரியை என்னைத் தனியே அழைத்தார். கட்டுரையில் ஒரு வாக்கியத்தின் அடியில் பென்சிலால் கோடு இழுத்திருந்தார்.

"இந்த வாக்கியத்துக்கு என்னம்மா அர்த்தம்? தமிழிலேயே சொல்லு, போதும்."

எனக்குத் தெரியவில்லை. என் கையால் எழுதிய வாக்கியம். அதன் பொருள் எனக்கே தெரியவில்லை! தலை குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். "இதுக்கு மார்க் போட முடியாது. யாருக்குன்னு போடுறது? எழுதினவங்க இங்க இல்லையே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "இடைப்பருவத் தேர்வு முடியுற அன்னைக்கு வேற கட்டுரை கொண்டு வா. சின்னதா இருக்கட்டும், தப்பா இருக்கட்டும், உன்னுடையதா இருக்கட்டும்" என்று ஒரு வாய்ப்புத் தந்தார். அதற்குச் சரியாகப் பதினைந்து நாட்கள் இருந்தன.

அன்று பேருந்தில் வரும்போது படிப்பை விட்டுவிடலாம் என்றே முடிவு செய்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போகிறார்கள். மாதம் பிறந்தால் கையில் சம்பளம். "எனக்கு இங்கிலீஷ் வரல; நானும் வேன்ல போறேன்" என்று இரவு சோறு தின்னும்போது சொன்னேன். அப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. ஆயாதான் கேட்டாள்: "வராததாலதானடி படிக்கப் போன? வந்திருந்தா எதுக்குப் போற?"

தங்கையரே, ஆயா பள்ளிக்கூடத்தைப் பார்க்காதவள். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. மறுநாள் காலையில் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் பதினைந்து கட்டங்கள் போட்டேன். விடியற்காலை தேர்வுக்கு, இரவு கட்டுரைக்கு, பேருந்து நேரம் சொற்களுக்கு என்று பிரித்துக்கொண்டேன்.

முதலில் தேர்வைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' பாடம். 1606-ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்டு, அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1623-இல் முதல் முறையாக அச்சான நாடகம். கடையில் விற்கும் 'கைடு' ஒன்றை வாங்கி அதிலிருந்த கட்டுரைகளை வரி வரியாக மனப்பாடம் செய்வதே அதுவரை என் வழக்கம். ஒரு வரி மறந்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லா வரிகளும் ஓடிவிடும். பொருள் தெரிந்து படித்தவளுக்கு ஒரு சொல் மறந்தால் வேறு சொல் உதவும். பொருள் தெரியாமல் படித்தவளுக்கு ஒரு சொல் மறந்தால் விடைத்தாளே வெறுமையாகிவிடும்.

அது புரட்டாசி மாதம். ஆயா வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் கூட உட்கார்ந்து, 'மேக்பெத்' கதையைத் தமிழில் அவளுக்குச் சொன்னேன். அரசனாகும் ஆசையால், வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மன்னனையே கொன்றவன் கதை. தூண்டியவள் அவன் மனைவி. பின்னால் அவள் தூக்கத்தில் எழுந்து நடப்பாள். கையில் இல்லாத இரத்தத்தைக் கழுவிக்கொண்டே இருப்பாள்.

ஆயா காய் ஆய்வதை நிறுத்தினாள். "கையில ஒண்ணுமில்லையே, ஏன் கழுவுறா?" என்றாள். நான் விடை சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "செஞ்சது கையில இல்லடி. உள்ள இருக்கு. தண்ணி அங்க போகாது."

எனக்கு உடல் சிலிர்த்தது. கைடில் நான்கு பக்கம் எழுதியிருந்த குற்ற உணர்வு என்ற பொருள் மல்லாட்டைக் குவியலின் நடுவே ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மேலும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பச்சை மையில் நான் தலைப்பிட்ட அந்தக் கட்டுரையும் அப்போது என் நினைவுக்கு வந்தது.

அன்று முதல் இதுவே என் முறையாயிற்று. ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் யாருக்காவது சொல்வேன். கேட்க ஆள் இல்லையென்றால் எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிக்குச் சொல்வேன். அது குறுக்குக் கேள்வி கேட்காத நல்ல மாணவி! சொல்லும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறேனோ அந்த இடம் எனக்குப் புரியவில்லை என்று பொருள். அங்கே மட்டும் புத்தகத்தைத் திறப்பேன். பிறகு அதையே பத்துச் சிறிய ஆங்கில வாக்கியங்களாக எழுதுவேன். நீண்ட வாக்கியத்தில் ஆசைப்பட மாட்டேன். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று நம் பள்ளியில் சிஸ்டர் கரும்பலகையில் கட்டம் கட்டிக் காட்டினாரே, அந்த மூன்று கட்டத்துக்குள் அடங்கும் வாக்கியங்கள். வாரம் ஒரு முறை, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, பழைய வினாத்தாள் ஒன்றுக்கு முழு நேரமும் உட்கார்ந்து விடை எழுதினேன். முதல் முறை கடைசிக் கேள்விக்கு வரும்போது நேரம் முடிந்துவிட்டது. சிறிய வினாக்களிலேயே பாதி நேரத்தைச் செலவழிப்பது என் வழக்கம் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

இனி கட்டுரைக்கு வருகிறேன்.

எதைப் பற்றி எழுதுவது? பேராசிரியையிடமே போய்க் கேட்டேன். "உனக்கு உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்னு ஆசை இருக்கிற கேள்வி ஒண்ணு சொல்லு" என்றார். நான் யோசிக்காமல், "எங்க ஊர் மலையில ஏன் கோட்டை இருக்கு, மேடம்?" என்றேன். வகுப்பில் இரண்டு ஆண்டுகளில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்! அவர் புன்னகைத்து, ராபர்ட் ஓர்ம் என்ற பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து, "இவருடைய புத்தகத்தில் தேடு. ஆனா பெருமுக்கல்னு தேடினா கிடைக்காது" என்றார்.

ராபர்ட் ஓர்ம் 1728-இல் திருவிதாங்கூர்க் கரையில் உள்ள அஞ்சுதெங்கில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவர். இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் வரலாற்றை எழுதினார். முதல் தொகுதி 1763-இலும், அடுத்தது 1778-இலும் வெளிவந்தன. பழைய நூல்களைப் படம் பிடித்து வைத்திருக்கும் இணைய நூலகத்தில் அது இலவசமாகக் கிடைத்தது. திறந்தேன். தலை சுற்றிற்று! 'சோல்ஜர்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஃபோல்ஜர்'. 'ஸ்டோன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஃப்டோன்'. அகராதியில் தேடித் தேடி ஓர் இரவு வீணாயிற்று. அக்காலத்து அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் 'எஸ்' எழுத்தை நீளமாக, ஏறக்குறைய 'எஃப்' போலவே போடுவார்கள் என்பதைப் பிறகே அறிந்தேன். ஆங்கில வழியில் படித்த தோழியும் அந்தப் பக்கத்தைக் கண்டு என்னைப் போலவே விழித்தாள். அன்று எனக்கு உண்டான தைரியத்தை எப்படிச் சொல்வேன்! எல்லாரும் ஓரிடத்தில் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள்.

தேடலின் நான்காம் இரவு, 'பெர்மகாயில்' என்ற சொல் கண்ணில் பட்டது. வந்தவாசியை 'வாண்டிவாஷ்' என்றும், செஞ்சியை 'ஜின்ஜி' என்றும் எழுதியவர்களின் காதில் பெருமுக்கல் 'பெர்மகாயில்' ஆகியிருக்கிறது. 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படையை அயர் கூட்டின் ஆங்கிலப் படை வென்றது. அதன் பிறகு புதுச்சேரியை நோக்கி நெருங்கிய ஆங்கிலப் படை, வழியில் இருந்த எங்கள் மலைக்கோட்டையையும் தாக்கிப் பிடித்தது. பின்னால் ஐதர் அலி காலத்துப் போர்களிலும் அது கைமாறியிருக்கிறது. மலைமேல் ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரியும். கோட்டை ஏன் அங்கே இருக்கிறது என்ற என் கேள்விக்கு அதுவே விடை.

"ஆயா, நம்ம மலை இங்கிலீஷ் புத்தகத்துல இருக்கு!" என்று கூவினேன். தூக்கத்திலிருந்து எழுந்த ஆயா, "மலை இங்கதானடி இருக்கு, தூங்கு" என்றாள்.

மறுநாள் ஓடிப்போய்ப் பேராசிரியையிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்தார், உடனே ஒரு கேள்வியும் போட்டார்: "ஓர்ம் அந்தச் சண்டையை நேர்ல பார்த்தாரா?"

இல்லை. அவர் 1758-லேயே இந்தியாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார். பிறர் எழுதிய கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்துத்தான் பின்னால் எழுதினார். "அப்படின்னா பக்கத்துல இருந்து எழுதினவங்க யாராவது உண்டான்னு பாரு. ஒருத்தர் சொல்றதை மட்டும் கேட்டு எழுதினா அது ஆய்வு இல்ல, செய்தி" என்றார்.

அப்படித் தேடியபோது கிடைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 ஜனவரி வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவர் காலமான அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. அதிலும் எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டேன். அந்த ஆங்கிலத்தைப் படிக்கையில் ஒரு விந்தை நிகழ்ந்தது: எனக்குப் புரிந்தது! வாக்கியங்களுக்குப் பின்னால் தமிழ் நின்று எட்டிப் பார்த்தது. தேதிகளோடு தமிழ் வருடமும் மாதமும் இருந்தன. வகுப்பில் சிலருக்கு மாசி எப்போது வரும் என்று தெரியவில்லை, எனக்குத் தெரியும். தமிழ் வழியில் படித்தது என் குறை என்றே இரண்டு ஆண்டுகள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தமிழே இப்போது கைவிளக்காக வந்தது.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கல்லூரிக்குப் போகும்போது உதவும். ஒரு நோட்டில் பக்கத்தை மூன்றாகப் பிரித்தேன். முதல் பத்தியில் நூலில் உள்ள சொற்கள், மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணுடன். நடுப் பத்தியில் அதன் பொருள் தமிழில். மூன்றாம் பத்தியில் முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, தமிழைப் பார்த்து நானே எழுதிய ஆங்கிலம். பிறர் சொல்லும் என் சொல்லும் கலந்துபோகாமல் காக்க இதைவிட எளிய வழி நான் அறியேன். பிறர் சொல்லை எடுத்தாள்வது குற்றமன்று. யாருடையது என்று சொல்லாமல் எடுப்பதே குற்றம். நூலையும் பக்கத்தையும் குறிக்க அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தார் வகுத்த முறையை எங்கள் துறையில் பின்பற்றுகிறோம். அவர்களது கையேடு 1977-இல் முதலில் வந்து, 2021-இல் ஒன்பதாம் பதிப்பைக் கண்டது. காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று முதலில் சலிப்பாக இருக்கும். இரவல் வாங்கிய படியை நன்றி சொல்லித் திருப்பித் தருவதுபோல என்று நினைத்துக்கொண்டால் சலிப்பு நீங்கும்.

நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்து எவ்வளவு விழுக்காடு ஒத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தண்டனை கூடுகிறது. இன்று தலைப்பைச் சொன்னால் கட்டுரையையே எழுதித் தரும் கருவிகள் கைபேசிக்குள் வந்துவிட்டன. ஆகவே ஆசையும் பெரிது. ஆனால், "இந்த வாக்கியத்துக்கு என்னம்மா அர்த்தம்?" என்று ஒருவர் கேட்கும்போது கைபேசி நமக்குப் பதிலாக நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஆயாவுடன் மலை ஏறினேன். பாதி வழியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் மேலே போய், இடிந்த கற்களின் அருகில் நின்று சுற்றிலும் பார்த்தேன். ஏரி, கழனி, சாலை, எங்கள் தெரு. ஓர்ம் எழுதிய பக்கங்களில் படைகளும் தளபதிகளும் வருகிறார்கள். அடிவாரத்தில் வாழ்ந்த குடியானவர்களின் பெயர் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அன்றும் இங்கே ஓர் ஆயா இருந்திருப்பாள். சண்டை என்றதும் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கோ ஓடியிருப்பாள். என் கட்டுரையின் கடைசிப் பத்தி அங்கேயே எனக்குக் கிடைத்தது: ஒரு மலையின் கதையில் யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் விடுபடுகிறது?

தேர்வும் வந்தது. 'மேக்பெத்' தாளில் மன்னன் மனைவி தூக்கத்தில் நடக்கும் காட்சியைப் பற்றியே ஒரு கட்டுரை வினா. கைடு வரிகள் ஒன்றும் நினைவில் இல்லை. தண்ணீர் போகாத இடத்தைப் பற்றி ஆயா சொன்னதை என் சிறிய வாக்கியங்களில் எழுதினேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முடித்துவிட்டேன். அன்று மாலையே கட்டுரையையும் கொடுத்தேன். நீல மையில், பச்சைத் தலைப்பு இல்லாமல்.

முடிவைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். 50-க்கு நடந்த தேர்வில் எனக்கு 34. கட்டுரைக்குப் பத்தில் 7. தாளெங்கும் சிவப்பு மை. எண்ணிப் பார்த்தேன், 31 பிழைகள். ஆனால் கடைசிப் பக்கத்தில் பேராசிரியை தமிழில் எழுதியிருந்தார்: "பிழைகள் எல்லாம் உன்னுடையவை. ஆகவே திருத்தலாம்."

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா சிவப்பு மையைப் பார்த்துக் கவலைப்பட்டார். "இவ்வளவு தப்பாம்மா?" என்றார். "ஆமாப்பா, எல்லாம் நான் எழுதினது" என்றேன். பெருமையாகச் சொல்கிறேன் என்பது அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு தாளைக் கையில் வாங்கி, எங்கள் ஊர்ப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அன்புத் தங்கையரே, நீங்களும் நாளை கல்லூரிக்குப் போவீர்கள். ஆங்கிலம் அச்சுறுத்தும்; கடைசி வரிசையில் தூண் ஒன்று உங்களுக்காகவும் காத்திருக்கும். அங்கே உட்காராதீர்கள். இரவல் நகை போட்டுக்கொண்டு ஊர்வலம் போவதைவிட, உங்கள் சிறிய வாக்கியத்தோடு முன் வரிசையில் அமருங்கள். பிழை இருக்கட்டும், அது உங்களுடையதாக இருந்தால் ஒருநாள் திருந்தும். என் 31 பிழைகளில் இதுவரை 19-ஐத் திருத்தக் கற்றுக்கொண்டேன். மீதியைக் கற்க இன்னும் ஒரு பருவம் இருக்கிறது.

வாழ்க நம் பள்ளி!

— ஒரு பழைய மாணவி, பெருமுக்கல்